ஒரு மணி நேரத்தில் வரும் தேர்

அந்த வருஷம் தேர் வந்தபோது எங்கள் வாசலில் இருந்தவர்கள் அம்மா, அக்கா, அக்காவின் நான்கு வயது மகள், பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் அத்தை, நான். அப்பா வாசலில் இல்லை. தேர் போகும் வழியில் தாழத் தொங்கும் மின்கம்பிகளைக் கவட்டை மூங்கிலால் தூக்கிப் பிடிக்கும் வேலை அவருக்கு. காலையிலேயே தேரோடு போய்விட்டார். அத்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே இல்லை. மொனராகலையில் கரும்பு லொறி ஓட்டுகிறார். வெட்டு நடக்கும் நாட்களில் லீவு கேட்டால் மறுநாள் அந்த ஸ்டியரிங்கில் வேறொருவர் கை இருக்கும்.

அதற்கு முந்தைய இரண்டு தேருக்கும் வராதவள் அக்கா. அவள் சவூதியில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். இரண்டு வருஷ எக்ரிமென்ட் முடிந்து ஒரு மாத லீவில் வந்திருந்தாள். திரும்பிப் போகும் விமானம் தேருக்கு மறுநாள் காலையில். ஏஜென்சி போட்டுக் கொடுத்த டிக்கட் அது, மாற்ற முடியாது. விமானத்தை விட்டால் அந்த வீட்டு வேலையும் போய்விடும். தேரன்று ராத்திரி பதுளையிலிருந்து கொழும்புக்குப் போகும் ஏழு மணி பஸ்ஸில் அவளுக்கு ஒரு சீட் புக் பண்ணியிருந்தோம். காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் எங்கள் லயத்திலிருந்து பதுளைக்கு ஆட்டோவில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாயந்தரம் ஐந்தரைக்குள் அவள் வீட்டைவிட்டு இறங்க வேண்டும்.

"தேரையும் மாத்த ஏலாது, பிளேனையும் மாத்த ஏலாது. நடுவுல நாந்தான் ஓடணும்," என்றாள் அக்கா.

அவள் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை. தேர் நம் வாசலில் நிற்கும்போது அர்ச்சனைத் தட்டு அவள் கையில் இருக்க வேண்டும். மகள் இடுப்பில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

வழக்கமாகத் தேர் எங்கள் பக்கம் மூன்று மணிவாக்கில் வரும். அதனால் யாரும் கவலைப்படவில்லை. ஆனாலும் 'வாக்கில்' என்ற வார்த்தையை நம்பி ஒரு விமானத்தைப் பிடிக்க முடியாது என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்குக் காரணம் என் வேலை.

எங்கள் வீட்டில் சாதாரண தரப் பரீட்சையைத் தாண்டிய ஆள் நான் ஒருவன்தான். அக்கா எட்டாம் வகுப்போடு நின்றாள். என்னுடைய முதல் லெப்டொப் அவள் அனுப்பிய பணத்தில் பண்டாரவளையில் வாங்கியது. இப்போது பதுளையில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே உள்ள அறையில் உட்கார்ந்து கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். அந்த வேலையில் எனக்கு முதலில் வந்த பெரிய பொறுப்பு, மரக்கறி லொறிகள் எப்போது வந்து சேரும் என்று கடைக்காரர்களுக்குக் காட்டும் ஒரு பக்கம். நான் எழுதியது "7620 விநாடிகள்" என்று காட்டியது. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதைப் பார்த்த கடைக்காரர் ஒருவர் கம்பனிக்கு போன் எடுத்து, லொறி வருகிறதா இல்லை வெடிக்கப் போகிறதா என்று கேட்டாராம்.

அப்போதுதான் கம்பனியில் எனக்கு மேலே இருப்பவர் அந்த நிரல் நூலகத்தைக் காட்டினார். நிரல் நூலகம் என்றால் ஒன்றுமில்லை. யாரோ ஒருவர் ஒரு வேலையை நன்றாகச் செய்து முடித்து, இனி யாரும் அதைத் திரும்பச் செய்து கஷ்டப்பட வேண்டாம் என்று எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்துவிடும் நிரல். இந்த நூலகம் செய்யும் வேலை ஒன்றே ஒன்று. விநாடிக் கணக்கைக் கொடுத்தால் மனிதர் பேசுகிற ஆங்கிலத்தில் நேரத்தைச் சொல்லும். 7620 என்று கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் என்றது. நாற்பது கொடுத்தேன். சில விநாடிகளில் என்றது. அன்று மத்தியானம் சாப்பிடாமல் அதற்கு எண்களைக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். எந்த ஊரிலோ இருக்கும் ஒருவர், 'இந்தா வந்துட்டேன்' என்று சொல்லும் எங்கள் அம்மாவைப் போன்ற ஒருத்தியைப் பார்த்துத்தான் இதை எழுதியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதில் மொழிக்கு ஒரு கோப்பு இருந்தது. தமிழும் இருந்தது, ஆனால் அது செய்தி வாசிப்பவரின் தமிழ். எங்கள் தோட்டத்துக்கென்று தனியாக ஒரு கோப்பு எழுதினால் என்ன என்று ஆசை வந்தது. தேருக்கு முந்தின வாரம் லீவில் வீட்டுக்கு வந்ததும், சாயந்தரம் எல்லோரும் காம்பராவுக்கு முன்னால் உள்ள இஸ்தோப்பில் போஞ்சிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது லெப்டொப்பைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

"அம்மா, நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும்னா என்னான்னு சொல்லுவீங்க?"

"ஒரு மணி நேரம்பேன்."

"எழுபது நிமிஷம்னா?"

"அதுவும் ஒரு மணி நேரந்தான். பத்து நிமிஷத்துக்கு யாரு கணக்கு பாக்குறது?"

"எண்பத்தஞ்சு?"

அம்மா கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு மணி நேரந்தான்டா. இதக் கேக்குறதுக்கா ஒனக்கு சம்பளம் குடுக்குறாங்க?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஏனென்றால் அந்த நூலகத்தின் விதியும் அதேதான். முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி வரைக்கும் அது 'ஒரு மணி நேரம்' என்றே சொல்லும். கடல் தாண்டி இருக்கிற ஒரு நிரலாளரும் கொழுந்து பறிக்கிற எங்கள் அம்மாவும் ஒரே இடத்தில் கோடு கிழித்திருக்கிறார்கள்!

"அங்க அப்புடி சொல்லிப் பாரு," என்றாள் அக்கா. "மேடத்துக்கிட்ட ஒரு மணி நேரத்துல சமைக்கிறேன்னா, அறுபதாவது நிமிஷம் தட்டு மேசையில இருக்கணும்."

"அப்ப ரெண்டு வருஷத்துக்கு என்னக்கா போடுறது?"

"ஒரு எக்ரிமென்ட்டுன்னு போடு."

போட்டேன். சில விநாடிகளுக்கு 'இந்தா', சில நிமிஷங்களுக்கு 'இப்ப வந்துரும்', ஐந்தாறு மணி நேரத்துக்கு 'பொழுதுக்குள்ள' என்று கோப்பு வளர்ந்தது. ஒரு மாதம் என்பதற்கு அப்பா 'அடுத்த சம்பளம்' என்றார். அதையும் சேர்த்தேன்.

அந்தச் சாயந்தரம்தான் தேர் யோசனையும் வந்தது. என்னிடம் ஒரு பழைய போன் இருந்தது. தேரை இழுக்கும் டிராக்டரின் சீட்டுக்கு அடியில் அதை ஒட்டிவிட்டால் தேர் எங்கே நிற்கிறது என்று தெரியும். இன்னும் எவ்வளவு தூரம், இன்னும் எத்தனை வீடு, ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்குப் போட்டு, வரும் விநாடிகளை நூலகத்திடம் கொடுத்தால் அது எங்கள் பேச்சிலேயே சொல்லிவிடும். அதைத் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப்புக்குத் தானாக அனுப்பலாம். ஒவ்வொரு லயத்துக்கும் தனித்தனியாக.

"ஒரு வீட்டுல தேர் எவ்வளவு நேரம்ப்பா நிக்கும்?"

"ஒரு தேங்கா ஒடைக்கிற நேரம். அது எங்க நிக்குது? எவ வீட்டுலயும் ஒன்னும் ரெடியா இருக்காதே. தப்பு மேளம் கேட்டப்பறந்தான் கற்பூரத்தத் தேடுவாளுக."

இரண்டு நிமிஷம் என்று போட்டேன். கோயில் தலைவரிடம் போய்ச் சொன்னபோது அவர் போனை ஒட்டுவதற்குத் தானே டேப் வாங்கித் தந்தார். "சாமிக்கும் சிம் போட்டாச்சா தம்பி! செய்ங்க, செய்ங்க," என்றார்.

தேரன்று காலை தேயிலை அரைக்கும் ஸ்டோருக்குப் பக்கத்தில் உள்ள கோயிலிலிருந்து தேர் புறப்பட்டதும் முதல் மெசேஜ் போனது. மேல் லயத்துக்கு 'ஒரு மணி நேரம்'. நடு லயத்துக்கும் கடைசியில் இருக்கிற எங்கள் கீழ் லயத்துக்கும் 'பொழுதுக்குள்ள'. குரூப்பில் கைகூப்பும் படங்களாக வந்து கொட்டின. கொழும்பில் கடைகளில் நிற்கும் பையன்கள், சவூதியிலும் குவைத்திலும் இருக்கும் பெண்கள் எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். அக்கா என் முதுகில் ஒரு அறை வைத்தாள். "எங்க தம்பி செஞ்சது" என்று அவளே குரூப்பில் போட்டாள்.

மத்தியானத்துக்கு மேல், எங்கள் லயத்துக்கு 'ஒரு மணி நேரம்' என்று வந்தது. அம்மா உடனே எழுந்தார். வாசலைக் கழுவி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். அக்கா கோலம் போட்டாள். தட்டில் தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, ஊதுபத்தி எல்லாம் அடுக்கியாயிற்று. தேரைக் காணோம். போனைப் பார்த்தால் 'ஒரு மணி நேரம்'.

"நேரம் இருக்குல்ல, கொஞ்சம் வடை சுட்டுர்றேன்," என்றார் அம்மா.

வடையும் ஆயிற்று. 'ஒரு மணி நேரம்.'

"அப்ப பாயாசமும் வச்சிருவோம்."

பக்கத்துக் காம்பரா அத்தை தன் கோலத்தை அழித்துவிட்டு அதைவிடப் பெரிய கோலமாகப் போட ஆரம்பித்தார். போட்டு முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து கேட்டார்: "மருமவனே, ஒன் ஒரு மணி நேரம் மத்தியானம் பொறந்துச்சு. இன்னும் அது வளரவே இல்லையே?"

நிரலில் எங்கோ பிழை என்று நினைத்தேன். பார்த்தால் பிழையில்லை. தேர் ஒவ்வொரு வீட்டிலும் நிற்கிற நேரத்தை அளந்து கணக்கைத் தானே திருத்திக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். அது சரியாகத் திருத்திக்கொண்டுதான் இருந்தது. தேர்தான் நகரவில்லை. அக்கா பயண உடுப்பை இஸ்திரி போட்டுக் கொடியில் மாட்டிவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போய்ப் பாத்துட்டு வர்றேன்க்கா," என்று சொல்லிவிட்டுக் குறுக்கு வழியில் தேயிலைக்குள் ஏறினேன்.

மேல் லயத்தின் கடைசி வீடுகளில் தேர் நின்றுகொண்டிருந்தது. அங்கே நான் கண்டது வேறு எந்த வருஷமும் காணாதது. வாசலுக்கு வாசல் மேசை. மேசைக்கு மேலே வெள்ளைத் துணி. ஒரு வீட்டில் சர்பத், அடுத்த வீட்டில் கடலை, அதற்கடுத்த வீட்டில் கேசரி. தப்படிப்பவர்கள் தப்பைக் கீழே வைத்துவிட்டு இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் போனைத் தூக்கிப் பிடித்துக் குவைத்தில் இருக்கும் தங்கச்சிக்கு சாமியைக் காட்டிக்கொண்டிருந்தாள். "கிட்டக் காட்டுடி, கண்ணு தெரியல," என்று சாமியின் பக்கத்திலிருந்தே தங்கச்சியின் குரல் கேட்டது.

பூசாரி முன்னால் ஒருவர் துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் இருப்பவர்கள் முடிந்து, கொழும்பில் இருப்பவர்கள் முடிந்து, பெரியப்பா வீட்டுப் பெயர்களுக்குப் போய்விட்டார்.

"நட்சத்திரம்?" என்றார் பூசாரி.

"தெரியாதுங்க சாமி. நல்லதா ஒன்னப் பாத்துப் போட்டுக்குங்க."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருஷமும் தேர் வேகமாக வந்ததற்குக் காரணம் யாருக்கும் அது எப்போது வரும் என்று தெரியாததுதான். தப்புச் சத்தம் கேட்டு ஓடி வந்து ஒரு தேங்காயை உடைத்து அனுப்பிவிடுவார்கள். இந்த வருஷம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணி நேரம் முன்னதாகவே சொல்லிவிட்டேன். ஒரு மணி நேரம் கையில் கிடைத்தால் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? அம்மா பாயாசம் வைக்கவில்லையா?

தலைவர் என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்தார். "தம்பி! ஒரு வீடு பாக்கியில்லாம எல்லாரும் ரெடியா நிக்குறாங்க. இப்புடி ஒரு திருவிழா நம்ம தோட்டத்துல நடந்ததே இல்ல!"

"தலைவரே, அக்காவுக்கு பஸ் இருக்கு."

அவர் முகம் மாறியது. "ஆமால்ல," என்றார். திரும்பி, "பூசாரி, பெரியப்பா வீட்டோட நிறுத்துங்க!" என்று கத்தினார்.

அப்பா மூங்கிலைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். "ஏன்டா, நீ போட்ட ஒரு மணி நேரத்துக்குள்ள நான் மூணு பந்தி சாப்புட்டேன். இனி கம்பியத் தூக்கச் சொன்னா கம்பிதான் என்னத் தூக்கணும்," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "புள்ளயக் கெளம்பச் சொல்லு. இது பொழுதுக்குள்ள வராது," என்றார்.

நான் கீழே ஓடி வந்தபோது ஆட்டோ வந்து நின்றிருந்தது. அக்கா உடுப்பு மாற்றியிருந்தாள். பெட்டி வாசலில் இருந்தது. மகள் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வா தங்கம், சாமி எங்க போகுது, அடுத்த தடவ பாத்துக்கலாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். "ஒன் கம்ப்யூட்டர் என்னா சொல்லுது?"

"ஒரு மணி நேரம்."

"தம்பி, எனக்கு வெளயாட நேரமில்ல. நெசத்தச் சொல்லு."

லெப்டொப்பைத் திறந்தேன். வார்த்தைகளுக்குப் பின்னால் இருந்த எண்ணைப் பார்த்தேன். "எண்பத்தாறு நிமிஷம்க்கா. நடு லயத்துல சமையல் நடந்தா அதுக்கும் மேல."

அவள் மனதுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஆட்டோக்காரர் ஹோர்னை ஒரு தடவை மெதுவாகத் தட்டினார்.

"போன தேர வீடியோவுல பாத்தேன்," என்றாள் அக்கா. "அதுக்கு முந்துன தேரையும் வீடியோவுல பாத்தேன். எங்க நின்னு பாத்தேன்னு ஒங்களுக்குத் தெரியுமா? மேடம் வீட்டு பாத்ரூம்ல. தப்புச் சத்தம் வெளிய கேக்கும்னு சவுண்டக் கொறச்சுட்டு, தண்ணியத் தொறந்து விட்டுட்டுப் பாத்தேன்." அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அக்கா விடவில்லை. "நான் ஏழு மணி பஸ்ஸுல போகல. வாடகைக்குப் போற ஹாலிஎல வேன்காரருக்கு போன் போடு தம்பி, நேரா எயார்போர்ட்டுக்கே போயிர்றேன். பிளேன விடமாட்டேன். ஆனா தேரயும் விடமாட்டேன்."

"வேனுக்கு எவ்வளவு கேப்பான் தெரியுமாடி?" என்றார் அம்மா.

"கேக்கட்டும்."

ஆட்டோக்காரருக்கு வந்ததற்கான கூலியைக் கொடுத்தோம். அவர் போகவில்லை. அவரும் தேர் பார்க்க நின்றுகொண்டார்.

வேன்காரர் ஏழு மணிக்குள் வருவதாகச் சொன்னார். அதற்குள் தேர் வந்தே ஆக வேண்டும். அதற்குப் பிறகும் காத்திருந்தால் விமானத்துக்கே ஆபத்து. நான் போனை வைப்பதற்குள் பக்கத்துக் காம்பரா அத்தை தன் போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டார். அத்தைக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதில் எங்கள் தோட்டத்தில் அவரை அடிக்க ஆளில்லை.

"நடு லயத்துக்காரவுகளே, எல்லாரும் கேட்டுக்கங்க! எங்க புள்ள பஸ்ஸ விட்டுட்டு சாமிக்காக ஒக்காந்திருக்கு. விடியக்காலம் அது பிளேன்ல இருக்கணும். நீங்க காய்ச்சுனது போதும், பொரிச்சது போதும். தட்ட வச்சுட்டு தேர இந்தப் பக்கம் தள்ளி விடுங்க. இல்லைன்னா நானே மேல வந்து டிராக்டர ஓட்டிட்டு வந்துருவேன், சொல்லிப்புட்டேன்!"

பிறகு நடு லயத்திலிருந்து ஒரு பெண் குரல்: "யக்கா, நீங்க டிராக்டர ஓட்டவேணாம், தேயிலச் செடி பாவம். சாமிய நேரா கீழ அனுப்புறோம். எங்க வீடுகளுக்குத் திரும்பி மேல வாறப்ப வரட்டும். கேசரிய ஏற்கனவே ரெண்டு தடவ சூடாக்கியாச்சு, இன்னொரு தடவ சூடாக்குனா ஒன்னும் கெட்டுப்போகாது."

அடுத்து தலைவரின் குரல், பின்னால் டிராக்டர் இரைச்சலோடு: "வர்றோம்!"

என் நிரலுக்கு இது ஒன்றும் தெரியாது. நடு லயத்து வீடுகளை எல்லாம் தேர் நிற்காமல் தாண்டியதும் அதற்குத் தலைகால் புரியவில்லை. மத்தியானத்திலிருந்து 'ஒரு மணி நேரம்' என்று சொல்லிக்கொண்டிருந்தது திடீரென்று 'இப்ப வந்துரும்' என்றது. லயம் முழுக்க ஒரே கூச்சல். கற்பூரம் எங்கே, தீப்பெட்டி எங்கே, யாரு தேங்காய எடுத்தா என்று ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். மத்தியானத்திலிருந்து தயாராக இருந்த தட்டில் வெற்றிலை வாடிப்போயிருந்தது; அத்தை தன் தட்டிலிருந்து இரண்டை எடுத்து எங்கள் தட்டில் வைத்தார்.

பொழுது சாய்கிற நேரத்தில் தேர் வளைவில் தெரிந்தது. விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள். முன்னால் தப்பு, பின்னால் ஜெனரேட்டர், நடுவில் ஆடி ஆடி வருகிற சாமி. எங்கள் வளைவில்தான் கம்பி ரொம்பத் தாழ்வு. அப்பா மூங்கிலை ஊன்றிக் கம்பியைத் தூக்கினார். மூன்று பந்தி சாப்பிட்டவர் மாதிரியே தெரியவில்லை. தேரின் கலசம் கம்பிக்குக் கீழே நழுவி வந்தபோது லயமே "அரோகரா" என்றது.

அக்கா தட்டை நீட்டினாள். மகள் இடுப்பில் இருந்தாள்.

"பேரு?" என்றார் பூசாரி. தலைவர் அவர் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"என் மக பேருக்கு மட்டும் போதும் சாமி."

பூசாரி மந்திரம் சொல்லிக் கற்பூரம் கொளுத்திய தட்டை அக்கா முன்னால் நீட்டினார். குழந்தை அதைப் பார்த்தாள். போன வாரம்தான் அவளுக்குப் பிறந்தநாள் கேக் வெட்டியிருந்தோம். கன்னத்தை உப்பவைத்து, எட்டி, ஃபூ என்று ஊதி அணைத்துவிட்டாள்.

தப்பு நின்றுவிட்டது. அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அத்தை "அய்யய்யோ" என்றார். குழந்தை எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தானே கை தட்டினாள்.

பூசாரி சிரித்துவிட்டார். "சாமிக்கு இன்னைக்கு விசேஷம்தானே, ஊதுனா ஊதட்டும். இன்னொரு கட்டி எடுங்க," என்றார். அக்கா சிரித்த சிரிப்பில் தட்டு ஆடி வாழைப்பழம் ஒன்று கீழே விழுந்தது. இரண்டாவது தடவை கொளுத்தியபோது குழந்தையின் வாயை அக்கா கையால் மூடிக்கொண்டாள். விபூதி பூசும்போது இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர், சிரித்தா அழுதா என்று சொல்ல முடியாதபடி.

அப்போது தேருக்குப் பின்னால் ஹோர்ன் சத்தம். ஹாலிஎல வேன் வந்துவிட்டது. எங்கள் ரோட்டில் ஒரு வண்டிதான் போகலாம். அது தேருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. வேன்காரர் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "மல்லி, இது நகர எவ்வளவு நேரம் ஆகும்?" என்று தம்பி முறை வைத்து என்னைக் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் லயம் முழுக்க ஒரே குரலில் பதில் சொன்னது: "ஒரு மணி நேரம்!"

பாவம், அவர் பயந்துபோய் என்ஜினையே நிறுத்திவிட்டார். பிறகு கொழுந்து நிறுக்கும் மடுவத்தின் முன்னால் இருக்கிற வெளியில் தேரை ஒதுக்கி வேனுக்கு வழிவிட்டார்கள். தேர் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஒதுங்கி நின்று வேனை உள்ளே விட்டது.

"போறது எத்தனை பேர்?" என்றார் வேன்காரர், பெட்டியை ஏற்றிக்கொண்டே.

"நான் ஒரு ஆளு," என்றாள் அக்கா.

"இவ்வளவு பெரிய வேன்ல ஒரு ஆளா? ஒரு ஆள் போனாலும் அதே காசுதான், பத்து ஆள் போனாலும் அதே காசுதான்."

அம்மா நிமிர்ந்து பார்த்தார். போன தடவை பதுளை பஸ் ஸ்டாண்டில் அக்காவை ஏற்றிவிட்டு, ஜன்னலில் அவள் முகம்கூடச் சரியாகத் தெரியாமல் திரும்பி வந்தவர் அவர். "அப்ப நாங்களும் வர்றோம்," என்றார். சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சேலை மாற்றவில்லை, தலை சீவவில்லை. பாயாச வாளியையும் வடைச் சட்டியையும் தூக்கிக்கொண்டு நேராக வேனில் ஏறினார். குழந்தை தாவி ஏறினாள். நான் ஏறினேன். "நான் கொழும்பப் பாத்ததே இல்லையே," என்று அத்தை ஏறினார்.

அப்பா மூங்கிலோடு ஏற வந்தார். "அது எதுக்குங்க?" என்றார் அம்மா.

"வழியில கம்பி இருந்தா?"

தலைவர்தான் அதைக் கையிலிருந்து பிடுங்கி வாங்கினார். "நீங்க போங்கண்ணே. கம்பிய நாங்க பாத்துக்குறோம்." தேர் நடு லயத்தை நோக்கி மேலே ஏற ஆரம்பித்தது. நாங்கள் வேறு பக்கம் இறங்கினோம். ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்து, தப்புச் சத்தம் கேட்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே போனோம்.

வழியெல்லாம் பேச்சும் தூக்கமுமாகப் போய்ச் சேர்ந்தபோது விமானத்துக்கு வேண்டிய நேரம் இருந்தது. விடியக்காலையில் வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, விமான நிலையத்துக் கார் நிறுத்தும் இடத்தில், வேன்காரரையும் சேர்த்து ஏழு பேர் வடையும் பாயாசமும் சாப்பிட்டோம். பக்கத்துக் காரிலிருந்து ஒரு குடும்பம் எட்டிப் பார்த்தது; அம்மா அவர்களுக்கும் நான்கு வடை கொடுத்தனுப்பினார். அக்கா உள்ளே போகிற வாசலில் மகள் அவளுக்கு விபூதி பூசிவிட்டாள், நெற்றியில் தொடங்கி மூக்கு வரைக்கும். அதைத் துடைக்காமலேயே அவள் வரிசையில் போய் நின்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தபோது நாங்கள் ஐந்து பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றோம். அவள் சிரித்துக்கொண்டே போனாள். போன தடவை அப்படிப் போகவில்லை என்று அம்மா சொன்னார்.

அடுத்த வருஷமும் மெசேஜ் வேண்டும் என்று தலைவர் கேட்டிருக்கிறார். விமானத்துக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கு மட்டும் நிமிஷக் கணக்கையும் காட்டும்படி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பாவோ காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் தொடங்கி பதுளை வைத்தியசாலை வரிசை வரைக்கும் யார் அகப்பட்டாலும் இந்தக் கதையைச் சொல்கிறார். வேன் கூலி, ஹைவே டிக்கட், விட்டுப்போன பஸ் சீட், திரும்பிப் போகாமல் நின்ற ஆட்டோ, வழியில் குடித்த தேத்தண்ணி எல்லாவற்றையும் கூட்டி, ஏதோ லொத்தரில் விழுந்த பரிசைச் சொல்வதுபோல நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறார்: நாற்பத்தாறாயிரத்து இருநூறு ரூபாய்.